நேசமணி மீட்டதும் நாம் விட்டதும்

நவம்பர் முதல் நாள் வந்துவிட்டால், நாகர்கோயிலில் நேசமணியின் சிலைக்கு மாலைகள் குவிகின்றன. ஒருவரோடொருவர் முகங்கொடுத்துப் பேசாத கட்சியினரும் அன்று ஒரே வரிசையில் நின்று மாலை சூட்டுகின்றனர். 2021-ஆம் ஆண்டு முதல் அந்நாளை எல்லைப் போராட்ட ஈகியர் நாளென்று தமிழ்நாட்டரசே கடைப்பிடித்து வருகின்றது. அதை நாம் குறை கூறவில்லை. காலந்தாழ்ந்தேனும் செய்தார்களே என்று மகிழ்கின்றோம். ஆனால், மாலையொடு வருகின்றவர்களுள் எத்தனை பெயர்க்கு அவர் கேட்ட நிலம் எவ்வளவு, கிடைத்த நிலம் எவ்வளவு என்பது தெரியும்? தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, நெய்யாற்றின்கரை, செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் என ஒன்பது வட்டங்களைக் கேட்டார் அவர். நான்கு முழுமையாகவும், செங்கோட்டையில் ஒரு பகுதியுமே கிடைத்தன. கிடைத்ததைக் கொண்டாடுகின்றோம். கிடையாததற்கு இன்றும் விலை செலுத்திக் கொண்டிருக்கின்றோம். அவ்விலை எத்தகையது என்பதை அவர்தம் வாழ்க்கையினூடாகவே பார்ப்பதுதான் அவர்க்குச் செய்யும் நேரிய நினைவு வழிபாடாக இருக்கும்.

நேசமணி விளவங்கோடு வட்டத்துப் பள்ளியாடியில் 1895 சூன் 12-ஆம் பக்கல் பிறந்தார். அதே ஆண்டு அக்தோபரில்தான் முல்லைப் பெரியாற்றணை திறக்கப்பெற்றது. ஒரே ஆண்டில் தோன்றிய அம்மாந்தனும் அவ்வணையும் பின்னர் ஒரே எல்லைக் கோட்டால் தாக்குறுவர் என்பதை அன்று யார் அறிவார்?

அவர் பிறந்த திருவிதாங்கூர் எப்படிப்பட்ட நாடு என்பதை இளைஞர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். பெண்கள் தம் மார்பை மறைத்துக்கொள்வதற்கே 1822 தொடங்கி 1859 வரை போராட வேண்டியிருந்த நாடு அது. தோள்சீலைப் போராட்டம் என்று அதற்குப் பெயர். உழைக்கும் குலத்தார்க்குத் தெரு ஒன்று, மேற்குலத்தார்க்குத் தெரு ஒன்று எனப் பிரித்து வைத்திருந்த அரசு அது. நேசமணி சட்டம் படித்து வழக்குரைஞராக நாகர்கோயிலுக்கு வந்த காலத்தும் அந்நாற்றம் நயன்மன்றத்திலேயே வீசிக்கொண்டிருந்தது. மேற்குலத்து வழக்குரைஞர்க்கு நாற்காலியும் பிறர்க்கு முக்காலியும் போட்டு வைத்திருந்தனரென்றும், அம்முக்காலிகளை நேசமணி தூக்கி வெளியே எறிந்தாரென்றும் குமரி மாவட்டத்தில் இன்றும் சொல்லி மகிழ்கின்றனர். நாற்காலிக்குத் தொடங்கிய அம்மானவுணர்வுதான் பின்னர் நாட்டெல்லைக்கு வந்து நின்றது. குல இழிவை எதிர்த்த போரையும் மொழியுரிமைப் போரையும் இருவேறு போர்களாகப் பிரித்துப் பார்ப்பார்க்கு நேசமணியின் வாழ்வு விளங்காது. தெற்கு வட்டங்களின் உழவனும் பனையேறியும், தம்மை இழிவுபடுத்தும் ஆட்சியும் தம் மொழி பேசாத ஆட்சியும் ஒன்றாகவே இருக்கக் கண்டனர். அதனால்தான் அவர் பின்னே வந்தனர்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1947-இல் திருவிதாங்கூரைத் தனி நாடாக்கப் பெரும்பாடு பட்ட திவான் சி.பி. இராமசாமி ஐயரும் தமிழ் பேசியவர்தாம். அவராட்சியில் தெற்கு வட்டத் தமிழர்க்கு என்ன விளைந்தது? ஒன்றுமில்லை. தமிழ் பேசுகின்றவனெல்லாம் தமிழர்க்கு உழைப்பவன் ஆகிவிட மாட்டான் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

திவான் தாக்குண்டு வெளியேறினார். திருவிதாங்கூர் இந்தியாவோடு இணைந்தது. ஆனால் விடுதலைக்குப் போராடிய அவ்வரசின் காங்கிரசுத் தலைவர்கள் ஒன்றுபட்ட கேரளம் என்னும் முழக்கத்தை முன்வைத்தனர். அவர்கள் வரைந்த கேரளத்தில் குமரிமுனையும் அடங்கியிருந்தது. மலையாளியர் தம் மொழிக்கென ஒரு நாடு கேட்டது தவறன்று. அது அவர்தம் உரிமை. அவ்வுரிமை தமக்குண்டு, தமிழர்க்கில்லை என்றதுதான் தவறு. நாஞ்சில் நாட்டு நெல்லின்மேல் அவர்கட்கு ஒரு கண் இருந்தது. பேச்சிப்பாறை நீரில் விளையும் தோவாளை, அகத்தீசுவரத்து வயல்கள்தாம் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம்.

இந்நிலையில்தான் வழக்குரைஞர் சாம் நத்தானியல் முதலியோர் 1945-இன் இறுதியில் தொடங்கிய இயக்கம், திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு என்று பெயர் பெற்று வளர்ந்தது. 1947-இல் நேசமணி அதனுள் வந்தார். அவர் வந்த பின்னர் அஃது அறிக்கை விடுக்கும் அமைப்பாக இருக்கவில்லை. தேர்தலில் நிற்கும் கட்சியாயிற்று. 1948 பிப்பிரவரித் தேர்தலின்பொழுதே குருதி சிந்தியது. காவலர்தம் துமுக்கிச்சூட்டில் மங்காட்டுத் தேவசகாயமும் கீழ்க்குளம் செல்லையாவும் மாண்டனர். எல்லைப் போரின் முதல் ஈகியர் அவ்விருவரே. அத்தேர்தலில் பதினான்கு இடங்களை அக்கட்சி வென்றது.

இங்கு நேசமணியின் அரசியல் திறம் எத்தகையது என்பதை நின்று நோக்க வேண்டும். இன்றைய சிறு கட்சித் தலைவர்கள் பாடமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. 1952-இல் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டமன்றத்தின் 108 இடங்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை எட்டே எட்டு; நாடாளுமன்றத்தில் நாகர்கோயில் தொகுதி ஒன்று; அதில் வென்றவர் அவரே. பேராயக் கட்சிக்கு 44 இடங்கள், பெரும்பான்மை இல்லை. எட்டுப் பேரின் துணையின்றி அமைச்சரவை நில்லாது. துணை தந்தார்; தமிழ் வட்டங்களின் கோரிக்கைக்குச் செவி சாயாது போகவே, துணையைத் திரும்பப் பெற்றார். ஏ.சே. சான் அமைச்சரவை 1953 செபுதம்பரில் கவிழ்ந்தது. 1954 தேர்தலில் அவர் கட்சியின் எட்டு, பன்னிரண்டாயிற்று. பத்தொன்பது இடங்களை மட்டுமே பெற்ற பிரசா சோசலிசுட்டுக் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை, பேராயக் கட்சியின் தயவில் முதலமைச்சரானார். 1955 பிப்பிரவரியில் அவ்வமைச்சரவையும் வீழ்ந்தது. வீழ்த்தியதில் நேசமணியின் பன்னிருவர்க்குப் பங்குண்டு. ஒரு கைப்பிடியளவு உறுப்பினரை வைத்துக்கொண்டு இரண்டு அமைச்சரவைகளைக் கவிழ்த்தார், தமக்கோ தம்மவர்க்கோ அமைச்சுப் பதவி வேண்டி அன்று, நிலம் வேண்டி. இருக்கை எண்ணிக்கை சிறிதாயிருப்பதைக் காட்டித் தில்லியின் வாயிலில் கைகட்டி நிற்பார்க்கு இவ்வெட்டும் பன்னிரண்டும் நினைவிற்கு வருவதேயில்லை.

இனி, தேவிகுளம். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் தமிழ்த் தொழிலாளர் நெருக்கப்படுகின்றனர் என்ற செய்தி வந்ததும், 1954 சூலையில் நேசமணியும் அப்துல் இரசாக்கும் சிதம்பரநாதனும் மலையேறினர். தடையை மீறியதற்காகத் தளைப்படுத்தப் பட்டனர். கிறித்தவர் ஒருவர், முசுலிம் ஒருவர், இந்து ஒருவர். மூவரையும் ஒரே சிறைக்கு அனுப்பியது தமிழ். சமயத்தின் பெயரால் குமரி மாவட்டத்தைக் கூறுபோட்டு ஒப்போலை பொறுக்க வருகின்றவர்கள் இம்மூவர் பெயரையும் ஒருமுறை ஒருங்கே சொல்லிப் பார்க்கட்டும்.

தளைப்படுத்தியதைக் கண்டித்துத் தெற்கு வட்டங்கள் கொதித்தெழுந்தன. ஆகத்து 11-ஆம் நாளை விடுதலை நாளென்று அறிவித்து ஊர்வலம் போயினர் மக்கள். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவலர் சுட்டனர். மாண்டவர் தொகையில் அரசின் கணக்கு வேறு, மக்களின் கணக்கு வேறு. வெள்ளையன் போய் ஏழாண்டு நிறைவதற்கு நான்கு நாள் இருந்தது.

அத்துமுக்கிச்சூட்டைக் கண்டித்து, தம் கட்சியின் முதலமைச்சரையே பதவி விலகச் சொன்னவர் ஒருவர் உண்டு. அவர் தமிழரல்லர். இராம் மனோகர் லோகியா. அன்று அவர் உத்தரப் பிரதேசத்தில் சிறையிலிருந்தார். மக்களாட்சியில் மக்களைச் சுட்ட அரசு ஆட்சியில் நீடிக்கக் கூடாதென்று அங்கிருந்தே தாணுப்பிள்ளைக்குத் தந்தி கொடுத்தார். கட்சி கேட்கவில்லை, அக்கட்சி உடைந்தது. லோகியாவின் இந்திக் கொள்கை நமக்கு ஒருபொழுதும் உடன்பாடன்று. ஆயினும் மார்த்தாண்டத்துப் பிணங்களுக்காகத் தம் கட்சியையே உடைத்துக்கொண்ட ஒரு வடவர் இருந்தார் என்பதை மறைப்பது நன்றி கொன்ற செயலாகும். அன்று சென்னையில் ஆட்சி செய்துகொண்டிருந்த தமிழர் எவரும் அவ்வளவு துணியவில்லை.

மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செபுதம்பரில் தன் அறிக்கையைத் தந்தது. பசல் அலி தலைவர், குன்சுருவும் கே.எம். பணிக்கரும் உறுப்பினர். பணிக்கர் மலையாளியர், தமிழர் எவரும் அம்மூவருள் இல்லை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தும் தமிழ்நாட்டிற்கு என்றது ஆணையம். தமிழரே பெரும்பான்மையராக இருந்த தேவிகுளத்தையும், பீர்மேட்டையும் கேரளத்திற்கென்றது. அதற்குச் சொன்ன கரணியங்களுள் முகன்மையானது யாதெனின், அங்குள்ள தமிழர் பெரும்பாலும் தோட்டக் கூலிகள், வந்து போகின்றவர்கள், நிலைத்த குடிகள் அல்லர் என்பதே.

தமிழர் வரலாற்றில் இவ்வளவு கொடுமையான சொற்றொடர் சிலவே உண்டு. 1877-இல் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து சான் தானியல் மன்றோ என்னும் வெள்ளையர் அம்மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். அம்மலைக்குக் கண்ணன் தேவன் மலை என்று பெயர். அப்பெயர் எம்மொழிப் பெயரென்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. காட்டை அழித்தவர், பாதை வெட்டியவர், செடி நட்டவர், கொள்ளை நோயிலும் அட்டைக் கடியிலும் செத்தவர் தமிழர். 1955-இல் அவர்தம் பேரர் கொழுந்து கிள்ளிக் கொண்டிருந்தனர். கடல் கடந்து வந்த குழுமத்தின் உரிமை ஆவணம் செல்லுபடியாகும். ஆனால் மூன்று தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே புதைக்கப்பட்டவர்க்கு வேர் இல்லையாம்! மறையூர்ப் பக்கத்து அஞ்சுநாட்டு ஊர்களின் தமிழ்க்குடிகளோ தேயிலை என்னும் பெயரை நாடு கேட்கு முன்னரே அங்கு வாழ்ந்தவர்கள். அவர்களையும் சேர்த்தே அக்கோட்டிற்கு அப்பால் தள்ளினர்.

வந்து போகின்றவர் என்று 1955-இல் எழுதப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் போய்விடவில்லை. 2015-இல் மூணாற்றுச் சாலையை மறித்து, தொழிற்சங்கத் தலைவர்களையும் விரட்டிவிட்டுக் கூலி உயர்வு கேட்ட பெண்கள் அவர்கள்தாம். 2020 ஆகத்து 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தோட்ட வரிசை வீடுகளோடு மண்ணில் புதைந்த எழுபது உயிர்களும் பெரும்பாலும் அவர்களுடையவையே. அறுபத்தைந்து ஆண்டு கழிந்தும் சொந்த நிலமில்லாமல் குழுமத்தின் வரிசை வீட்டிலேயே கிடந்தார்களே, அதுதான் அவ்வாணையத்தின் சொற்றொடர்க்கு வந்த உரை. 2021-இல் தேவிகுளத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர் கேரளச் சட்டமன்றத்தில் தமிழிலேயே உறுதிமொழி கூறினார். நிலைத்த குடிகள் யார் என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும்?

ஆணையத்தை மட்டும் நோவதில் பயனில்லை. சென்னை என்ன செய்தது? தேவிகுளம், பீர்மேடு வேண்டுமென்று 1956 பிப்பிரவரியில் பல கட்சிகளும் கூடிக் கடையடைப்பு நடத்தின. மக்கள் செய்ததில் குறைவில்லை. ஆட்சியிலிருந்த பேராயக் கட்சியோ, தில்லித் தலைமை வரைந்த கோட்டைத் தாண்டி ஓரடியும் வைக்கவில்லை. காமராசர் ஏழைப் பிள்ளைகட்குப் பள்ளி திறந்தார். அதை எவரும் மறுக்கவியலாது. ஆனால் எல்லைச் சிக்கலில் அவர் காட்டிய பொறுமை, தமிழர்க்கு உதவிய பொறுமையன்று. மறுபுறம், திராவிட நாடு கேட்டுக்கொண்டிருந்தவர்கட்கு ஒரு தடுமாற்றம் இருந்தது. கேரளமும் நம் நாட்டின் ஓர் உறுப்பே என்று மேடையில் முழங்கிவிட்டு, அதே கேரளத்தோடு எல்லைக்கு எப்படி மல்லுக்கு நிற்பது? இவ்விரண்டிற்கும் நடுவில் நேசமணி ஏறத்தாழத் தனியராகவே நின்றார். வடக்கெல்லைக்கு ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் நின்றதனால் திருத்தணி 1960-இல் வந்தது. மேற்கு மலைக்கு நிற்க, தோட்டத் தொழிலாளரையன்றி, யார் இருந்தார்?

1956 நவம்பர் முதல் நாள் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மலபார் மாவட்டம் கேரளத்திற்குப் போனது. கல்குளம் வட்டம் நம்மிடம் வந்தும், அதனுள்ளிருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் இன்றளவும் கேரள அரசின் ஆளுகையிலேயே இருக்கின்றது. நம் மண்ணில் நிற்கும் அரண்மனையை அவர்கள் விடவில்லை. நம் மக்கள் வாழும் மலையை நாம் விட்டோம்.

இனி, விலையைப் பார்ப்போம். முல்லைப் பெரியாற்றணை நிற்கும் இடம் பீர்மேடு வட்டம். 1886-இல் 999 ஆண்டிற்குக் குத்தகை எழுதி, தமிழ்நாட்டின் பணத்தாலும் உழைப்பாலும் கட்டப்பெற்ற அணை அது. தேனியும் மதுரையும் சிவகங்கையும் இராமநாதபுரமும் அதன் நீரை நம்பி வாழ்கின்றன. 1979-இல் அணைக்கு ஊறு என்று கூக்குரலிட்டு நீர்மட்டத்தை 136 அடியாகக் குறைக்கச் செய்தனர். 142 அடியாக உயர்த்தலாமென்று 2006-இல் உச்சநயன்மன்றம் தீர்ப்புரைத்தது. அத்தீர்ப்பைச் செல்லாததாக்கக் கேரளம் ஒரு சட்டமே இயற்றியது. அச்சட்டம் செல்லாதென்று 2014 மே மாதத்தில் மீண்டும் தீர்ப்பு வாங்க வேண்டியதாயிற்று. பீர்மேடு 1956-இல் நம்மோடு வந்திருந்தால், நம் அணையில் நாம் நீர் தேக்குவதற்கு முப்பத்தைந்து ஆண்டு நயன்மன்றப் படியேற வேண்டியிருந்திருக்குமா?

நேசமணி கேட்டுக் கிடையாத மற்றொரு வட்டம் நெய்யாற்றின்கரை. நெய்யாற்றணை அங்குள்ளது. திருவிதாங்கூர்-கொச்சி அரசின் காலத்திலேயே தொடங்கப்பெற்ற திட்டம் அது. அதன் இடதுகரைக் கால்வாய் எல்லை தாண்டி, நேசமணி பிறந்த விளவங்கோடு வட்டத்தில் 9,200 ஏக்கர்க்குப் பாய வேண்டும். 2004-ஆம் ஆண்டு கேரளம் அந்நீரை நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறன்று, தன் ஆறே என்பது அதன் கூற்று. 2012-இல் தமிழ்நாட்டரசு உச்சநயன்மன்றம் சென்றது. ஒரே அரசின்கீழ் ஒரே திட்டமாக வெட்டப்பட்ட கால்வாய்க்கு நடுவில் ஒரு கோடு விழுந்தவுடன், மேற்பாதி உரிமையும் கீழ்ப்பாதி இரவலும் ஆகிவிட்டன.

நேசமணியையும் நாம் அளந்து பார்க்காமல் விடுவதற்கில்லை. குமரி இணைந்ததும் தம் கட்சியைக் கலைத்துப் பேராயக் கட்சியோடு சேர்த்துவிட்டார். குறிக்கோள் நிறைவேறிவிட்டது, இனித் தனிக் கட்சி எதற்கு என்று எண்ணினர் போலும். நிறைவேறியது பாதியே. மீதிப் பாதிக்குப் போரிட வேண்டிய படைக்கலத்தை அவரே கீழே வைத்தார். இரண்டு அமைச்சரவைகளைக் கவிழ்த்த எட்டும் பன்னிரண்டும் எங்கே? பெருங்கட்சியின் வரிசையில் ஒருவராய் அமர்ந்திருப்பது எங்கே? 1957-இல் சட்டமன்றத்திற்கும், 1962-இலும் 1967-இலும் நாடாளுமன்றத்திற்கும் சென்றார். 1967-இல் தமிழ்நாடெங்கும் பேராயக் கட்சி வேரோடு சாய்ந்து, நாடாளுமன்றத்திற்கு மூன்றே இடங்களில் வென்றபொழுது, அவற்றுள் ஒன்று நாகர்கோயில். அது கட்சிக்கு விழுந்த ஒப்போலையன்று, நேசமணிக்கு விழுந்தது. தேவிகுளத்து மக்களுக்கோ, அவர்க்கு ஒப்போலை போடும் வாய்ப்பையே எல்லைக்கோடு பறித்துவிட்டிருந்தது. 1968 சூன் முதல் நாள் அவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற இடத்தில் 1969 சனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. விருதுநகரில் தோற்ற காமராசர் அங்கு நின்று வென்று, நாடாளுமன்றம் சென்றார். கண்ணீரும் குருதியும் சிந்திப் பெற்ற தொகுதி, எல்லைக்காக உரத்துப் பேசாத தலைவர்க்கு வாழ்வு தந்தது. வரலாற்றின் விளையாட்டு இப்படியும் இருக்கின்றது.

எல்லையை இன்று மாற்றிவிட முடியுமென்று நாம் மக்களை ஏய்க்க விரும்பவில்லை. செய்யக் கூடியவை உள. அவற்றையாவது செய்யட்டும் என்கின்றோம். தேவசகாயம், செல்லையா பெயர்கள் நம் பிள்ளைகளின் பாடநூலில் ஒரு முழுப் பாடமாக வரட்டும். மொழிச் சிறுபான்மையர்க்குத் தம் மொழியில் அரசோடு எழுத்தாடும் உரிமையைக் கேரளத்தின் 1969-ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கின்றது. தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் அஃது எவ்வளவு நடைமுறையில் உள்ளதென்று தமிழ்நாட்டு முதலமைச்சர் கேரள முதலமைச்சரைக் கேட்கட்டும். கூட்டணிக்காக இருவரும் கைகோத்து மேடையேறும் நாள்களில் ஒருநாள் கேட்டாலும் போதும். இந்த நவம்பரில் மாலையோடு நாகர்கோயில் வருகின்ற அமைச்சர்கள், திரும்புகையில் விளவங்கோடு வட்டத்து வழியே சென்று, நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் இறங்கி, அதன் அடிமண்ணைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகட்டும்.